இரட்டைப் பிள்ளை பெற்றவளின் கை

செந்துறையில் எனக்கு இரட்டைப் பெண்கள் பிறந்த பிறகு, தெருவில் யாருக்குக் கால் சுளுக்கினாலும் என்னிடம் வந்தார்கள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் விளக்கெண்ணெய் தொட்டு உருவினால் சுளுக்கு இறங்கும் என்பது அங்கே நம்பிக்கை. பி.எஸ்சி. படித்த நான் அதை நம்பவில்லை. ஆனால், "வந்தவங்கள திருப்பி அனுப்பாதம்மா" என்று மாமியார் சொன்னதால் மறுக்கவும் இல்லை. பெரும்பாலும் நாலைந்து நாளில் தானாகவே சரியாகிவிடும். பெயர் எனக்கு.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா தன் மகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டாம் வகுப்புப் பெண், பள்ளிக் கபடி அணியில் இருந்தாள். பயிற்சியில் கணுக்கால் மடங்கிவிட்டது. சனிக்கிழமை அரியலூரில் போட்டி.

"நல்லா அழுத்தி உருவும்மா. நாளன்னிக்கு அவ ஆடணும்."

கால் வீங்கிப் பளபளத்தது. வெளிக்கணுவின் எலும்பில் என் விரல் பட்டதும் துள்ளினாள். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

"ஏழு பேரு மேல விழறப்ப கத்தாதவ, இதுக்குப் போயி கத்துறா" என்று அக்கா அதட்டினார். நானும் இரண்டு முறை உருவினேன். மூன்றாவதில் அந்தப் பெண் சத்தமே போடாமல் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

"அக்கா, இது சுளுக்கு மாதிரி தெரியல. அரியலூர் போயி எக்ஸ்ரே எடுத்துரலாம்."

"போனா மாவுக்கட்டு போட்டுருவாங்க, ஆட்டம் போயிடும். முடியலன்னா முடியலன்னு சொல்லு."

"முடியலக்கா."

அக்கா முணுமுணுத்துக்கொண்டே மகளைக் கிளப்பினார். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் அவர்களோடு அரியலூர் பஸ் ஏறினேன். வெறும் சுளுக்காக இருந்தால் ஆட்டத்தைக் கெடுத்தவள் நான். எலும்பு போயிருந்தால் அதை அழுத்தியவளும் நான்.

எலும்பில் விரிசல்.

"நான் உருவிட்டேன் சார், அதனாலயா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"கால் மடங்குனப்பவே விரிசல் விட்டிருக்கும். நீங்க உருவுனதுல வீக்கம் கூடியிருக்கும். இனிமே யாரு வந்தாலும் எலும்ப லேசா தொட்டுப் பாருங்க. நாலு அடி நடக்கச் சொல்லுங்க. எலும்பு வலிச்சாலோ, நடக்க முடியலன்னாலோ இங்க அனுப்புங்க."

சனிக்கிழமை அவள் இல்லாமலே அணி போனது. மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"காலேஜ்ல ஆடிக்கறேன் சித்தி. நீங்க அழுவாதீங்க" என்றாள்.

அதன்பின் வருகிறவர்களை முதலில் நடக்கவைத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒருநாள் எதிர்வீட்டு அக்காவே, நொண்டிக்கொண்டு வந்த ஒருத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கெழக்க பாத்து நாலு அடி வைக்கணும்டி. அப்பதான் அவ கை வைப்பா."

கிழக்கு என்று நான் சொன்னதே இல்லை. திருத்தலாமா என்று யோசித்தேன். பிறகு, நடந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.