தூணுக்காகப் பின்வாங்கிய கால்

இத்தோமான் துறைமுகப் பக்கத்தில் தெங்கான் ஃபுமியைத் தெரியாத பிள்ளைகள் இல்லை. பகலில் பள்ளிச் சமையற்கூடத்தில் அவர்களுக்குச் சோறு போடுகிறவள். மாலையில் எங்கள் கராத்தே கூடத்தில் அதே பிள்ளைகளின் முதுகை நிமிர்த்துகிறவள். கோபம் வந்தால் அகப்பை பிடிக்கிற கையாலேயே முதுகில் ஒன்று வைப்பாள். டாக்சி ஓட்டிப் பிழைக்கிற நானும் இந்த வயதில் வாங்கியிருக்கிறேன்.

கூடம் என்பது மியாஹிரா ஆசிரியரின் வீட்டுக் கீழ்த்தளம்தான். முன்பு சர்க்கரை மூட்டை அடுக்கிய இடம். நடுவே ஒரு தூண். அதை எடுத்தால் மாடி எங்கள் தலையில் இருக்கும். ஆசிரியர் ஒசாக்காவில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டபோது, "ஃபுமி அடுத்த பட்டம் வாங்கிட்டா கூடத்தை அவ நடத்தட்டும். இல்லேன்னா பூட்டிடுங்க" என்று சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பட்டம் இல்லாதவர் கூடம் நடத்தச் சங்கம் சம்மதிக்காது.

அந்தப் பட்டத்துக்கான முதல் தேர்வில் ஃபுமி தோற்றாள். எதிரி நிற்பதாக நினைத்துக்கொண்டு தனியாகச் செய்யும் அடவு வரிசை அது. தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். அவள் ஓரடி பின்னால் முடித்தாள். காரணம், நடுவில் ஓரிடத்தில் எங்கள் கூடத்தார் எல்லோருமே ஒரு காலைப் பின்னால் இழுத்து வைப்போம். எதிரி கணுக்காலைக் குறிவைத்துக் கம்பை வீசுகிறான், நாம் தப்புகிறோம் என்று அதற்கு விளக்கமும் வைத்திருந்தோம். வெளிநாட்டிலிருந்து வந்த ஆட்கள்கூட அதைக் கேட்டு வாயைப் பிளந்திருக்கிறார்கள்.

ஃபுமி ஒசாக்காவுக்குப் போன் போட்டாள்.

"அட, அது தூணுக்கும்மா! போய் முட்டிக்கக் கூடாதுன்னு அப்படி வெச்சேன். நான் சொன்னதே இல்லையா?" என்றாராம் ஆசிரியர்.

அன்றிலிருந்து அவள் மீன் ஏலம் முடிந்து கழுவிவிட்ட தளத்தில் பயிற்சி செய்தாள். அங்கே தூணும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த இடம் வந்ததும் கால் தானாகப் பின்னால் போகும்.

"இந்தக் காலை வெட்டி நாய்க்குத்தான் போடணும்" என்பாள்.

"அக்கா, தேர்வுல கேட்டா கம்புன்னே சொல்லிடு. அந்தக் காலத்து ரகசிய அடவுன்னு ஒரு போடு போடு. யாருக்குத் தெரியப் போவுது?" என்பேன் நான்.

"போடா, நீயும் உன் கம்பும்!"

இரண்டாவது தேர்வு பக்கத்து நகரமான நாஹாவில், பெரிய மண்டபத்தில் நடந்தது. நான் பின்வரிசையில் இருந்தேன். கண்ணே பட்டுவிடும்போல அத்தனை அழகாகச் செய்துகொண்டு வந்தாள். அந்த இடம் வந்தது. பாழாய்ப்போன கால் பின்னால் போனது. கூடத்துச் சாவியை யாரோ என் சட்டைப்பையிலிருந்து பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது.

தேர்வாளர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "நடுவுல ஒரு அடி பின்னால வெச்சீங்களே, அது எதுக்கு?"

கம்பு, கம்பு என்று நான் வாய்க்குள் முனகினேன்.

"தூணுக்கு ஐயா" என்றாள் ஃபுமி. "எங்க கூடத்துல அந்த இடத்துல ஒரு தூண் நிக்குது."

இன்னொரு தேர்வாளர் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார். மூத்தவர் சிரிக்கவில்லை. "அர்த்தம் கேட்டா எல்லாரும் ஒரு எதிரியைக் கொண்டாந்து நிறுத்துவாங்க. தூணைக் கொண்டாந்தவங்க நீங்க ஒருத்தர்தான். சரி, இங்க தூண் இல்லை. இன்னொரு தடவை செய்யுங்க."

மறுபடி செய்தாள். அந்த இடம் வந்ததும் தோள்கள் ஒடுங்கின, கண்கள் இறுக மூடிக்கொண்டன. ஆனால் கால் முன்னால் போனது. கடைசி அடவை முடித்துத் தொடங்கிய இடத்திலேயே நின்றாள்.

தேறிவிட்டாள் என்று அறிவித்தபோது எனக்கு வந்த நிம்மதியில் பக்கத்திலிருந்த யாரோ ஒருவரைக் கட்டிக்கொண்டேன். வெளியே வந்து பார்த்தால் ஃபுமி படிக்கட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"என்னக்கா, தலைவலியா?"

"முட்டலைடா" என்றாள். "ஒண்ணுமே முட்டலை!"