முடிப்பவர் தோற்றார்

என் பெரியப்பா மோட்டார் காயில் சுற்றுகிறவர். எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி, புதிய செப்புக் கம்பியைச் சுற்றிக் கொடுப்பார். கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் வாயாடி மெக்கானிக். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

அப்பாவும் அதே கடையில் எதிர் மேஜையில் இருந்தார். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. ஒருவர் ஓர் எழுத்தைச் சொல்வார். மற்றவர் அதோடு இன்னோர் எழுத்தைச் சேர்ப்பார். மனதில் ஒரு சொல் இருக்க வேண்டும், ஆனால் அதை முடிக்கக் கூடாது. முடிப்பவர் தோற்றார். இரண்டெழுத்துச் சொற்கள் கணக்கில் இல்லை. பெரியப்பா கம்பியைச் சுற்றிக்கொண்டே, "முப்பத்தாறு, முப்பத்தேழு, 'கு', முப்பத்தெட்டு" என்பார். அப்பாவுக்கு எழுத்தும் தோன்றாது, சுற்றின் எண்ணிக்கையும் போய்விடும். சுற்றியதை அவிழ்த்து முதலிலிருந்து தொடங்குவார். அவர் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

பிறகு அப்பா ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணனிடம் சொல்லவில்லை. யாரோ சொல்லித்தான் பெரியப்பாவுக்குத் தெரிந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கையப் பிடிச்சு நிறுத்தியிருப்பேனாடா?" என்று எங்கள் வாசலில் நின்று கேட்டார். அப்பா வாயே திறக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

இந்த வருடம் பெரியப்பாவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் பெரியம்மா வந்தார்.

"நாளைக்கு அப்புறம் அவர் குரல் இருக்காது தம்பி. போய்த் திட்டாவது வாங்கிக்கிட்டு வாங்க."

அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் போனேன். பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, பாட்டிலிலிருந்து மருந்து சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "ம" என்றார்.

பெரியப்பா திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே, கரகரத்த குரலில், "ர" என்றார்.

அப்பா வாயைத் திறந்து மூடிக்கொண்டார். எனக்கும் புரிந்துவிட்டது. அவர் 'ண' சேர்த்தால் பெரியப்பாதான் 'ம்' போட்டு முடிக்க வேண்டியிருக்கும். மரணம். அது அப்பாவின் முதல் வெற்றியாக இருந்திருக்கும்.

"ம்" என்றார் அப்பா. "மரம். தோத்துட்டேண்ணே."

பெரியப்பா இப்போது திரும்பினார். "ஜெயிக்கிற எழுத்து இருந்துச்சேடா, மடையா."

"வாயில வரலண்ணே."

"உன் வாய் என்னைக்குத்தான் வந்துச்சு? வேலைக்குப் போறப்பவும் வரல."

அப்பா குனிந்துகொண்டார். "நீ போகாதேன்னு சொல்லிட்டா நின்னுடுவேன்னு பயமா இருந்துச்சு. அதான் சொல்லல."

பெரியப்பா எழுந்து உட்கார்ந்து, தலையணையை முதுகுக்குக் கொடுத்துக்கொண்டார்.

"அடுத்த எழுத்தப் போடு. மிச்சமிருக்கிற குரல யாருக்கு எடுத்து வைக்கப்போறேன்?"

நர்ஸ் எட்டிப் பார்த்து, "பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல?" என்றார்.

"பேசலம்மா. எழுத்துதான் சொல்றேன்."

அன்று அப்பா ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அதற்கு முயன்றதாகவும் தெரியவில்லை. நீளமான சொற்களாகவே தேடிக்கொண்டிருந்தார், அண்ணன் இன்னும் ஓர் எழுத்தாவது சொல்வார் என்று.