நடுரோட்டில் ஒரு பெஞ்சு

எங்கள் வீட்டு வாசலில் பள்ளம் விழுந்து கொஞ்ச நாளாகிறது. குடிதண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிட்டுப் போனார்கள். ஒரு மழைக்கு அந்த மண் உள்ளே இறங்கிவிட்டது. என் மகன் கைபேசியில் ஏதோ ஒரு செயலியை இறக்கிக் கொடுத்து, "போட்டோ எடுத்துப் போடும்மா, லொகேஷன் தானாவே போயிரும்" என்றான். போட்டேன். மறுநாள் காலையில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று பதில் வந்தது. ஆசையாக வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். பள்ளம் அப்படியே இருந்தது, கொஞ்சம் வளர்ந்தும் இருந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் நான் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு "பாத்துச் சொல்றோம்" என்று ஊராருக்குப் பதில் சொன்னவள். இப்போது திண்டுக்கல்லில் ஒரு சந்துக்குள் நின்றுகொண்டு, பள்ளத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்துத் தெருவில் யாருடைய செல்வாக்கிலோ ஒட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. தார் உருகும் வாசம் காற்றில் வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் நின்று இழுத்து மூச்சு விடுவேன். முதல் சம்பளத்தில் எடுத்த புடவையிலும் அந்த வாசம்தான் அடித்தது. எங்கள் அலுவலகத்து முற்றம் முழுக்கத் தார் பீப்பாய்கள் நிற்கும். வெயில் ஏற ஏற அவை லேசாக வியர்க்கும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் கத்திரிக்காய் வெஞ்சனத்தில்கூடத் தார் மணக்கும். ஊருக்குள் அதை யாரும் நெடுஞ்சாலைத் துறை என்று சொன்னதில்லை, ரோடு ஆபீஸ் என்றால்தான் தெரியும். அங்கே நான் இளநிலை உதவியாளர். கடைசி மேசை, சுழற்றும் டெலிபோன், மழை பெய்தால் ஒழுகும் ஓடு, மூன்றுக்கும் நான்தான் பொறுப்பு.

அந்த டெலிபோனில் யார் பேசினாலும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "மர நம்பர் என்ன?" என்பதுதான். இதை நான் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் விழிக்கிறார்கள். அப்போது திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்குப் போகும் ரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்பளவு உயரத்தில் சுண்ணாம்புப் பட்டை அடித்து, அதன் மேல் கறுப்பில் ஒரு நம்பர் எழுதியிருப்போம். புளி ஏலத்துக்காகப் போட்ட நம்பர்தான். ஆனால் சனங்கள் அதை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டார்கள். கண்டக்டரிடம் மர நம்பர் சொல்லி இறங்குவார்கள். தோட்டத்துக்கு வழி கேட்டால் மர நம்பர் சொல்வார்கள். கிலோமீட்டர் கல்லை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அதன் மேல் உட்கார்ந்து பீடி குடிப்பதோடு சரி. நம்பர் சொல்லத் தெரியாதவரின் புகார் எங்களைப் பொறுத்தவரை புகாரே இல்லை.

புகார் என்றதும் சவரிமுத்து அண்ணன் ஞாபகம் வராமல் இருக்காது. செம்பட்டியைத் தாண்டி ரோட்டோரமாகத் தென்னையும் வெற்றிலைக் கொடியும் வைத்திருந்தவர். வாரம் தவறாமல் டீக்கடை டெலிபோனிலிருந்து கூப்பிடுவார். ஒரு வாரம் கோயில் முன்னால் குழி என்பார். அடுத்த வாரம் ஓரத்து மண் அரிக்கிறது என்பார். ஒரு தடவை நாங்கள் கண்டுகொள்ளாமல் விட்டதால் ஊராரைத் திரட்டி மறியலில் உட்கார்ந்துவிட்டார். போலீஸ் வழக்குப் போட்டது. இனிமேல் ரோட்டில் உட்கார மாட்டேன் என்று ஸ்டேஷனில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் மறிக்கவில்லை, கூப்பிடுவதை மட்டும் நிறுத்தவே இல்லை.

அந்த ஐப்பசியில் மழை என்றால் அப்படி ஒரு மழை. மத்தியானச் சாப்பாடு முடிந்து செத்த நேரம்தான் ஆகியிருக்கும். எங்கள் பொறியாளர் கலெக்டர் அலுவலகக் கூட்டத்துக்குப் போயிருந்தார். புதிதாக மாற்றலாகி வந்திருந்த சாலை ஆய்வாளர் குருசாமி, ஆட்களோடு லாரி ஓரமாக ஒதுங்கி நின்றார். டெலிபோன் அடித்தது.

"ரோடு ஆபீஸா? சவரிமுத்து பேசுறேன்."

"சொல்லுங்கண்ணே. இந்த வாரம் என்ன?" என்றேன், கொஞ்சம் நக்கலாகத்தான்.

"வெளையாட்டு இல்ல தாயி. ஓடைப் பாலத்துக்கு அடியில மண்ணு பூராம் போயிருச்சு. மேல தார் மட்டுந்தான் நிக்குது. கீழ எறங்கிப் பாத்தேன், அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியுது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த ரோட்டில் மலையிலிருந்து வரும் ஓடைக்கெல்லாம் சின்னச் சின்னப் பாலங்கள் நிறைய. எந்தப் பாலம் என்று தெரியவேண்டும்.

"மர நம்பர் என்னண்ணே?"

"ஏறும்போதே பாத்துட்டேன். முந்நூத்தி நாப்பத்தொண்ணு."

குருசாமி பழனிப் பக்கத்து நெய்க்காரப்பட்டிக்காரர். பதறவே மாட்டார். "முந்நூத்தி நாப்பத்தொண்ணுங்களா? இதா கெளம்பிட்டமுங்க" என்று ஆட்களை ஏற்றிக்கொண்டார். சிவப்புக் கொடி, தடுப்புத் தட்டி, மணல் மூட்டை எல்லாம் லாரியில் போனது. நான் ஒரு பெரிய காரியம் முடித்தவள்போல் பக்கத்துக் கடையில் டீ வாங்கிவந்து உட்கார்ந்தேன்.

டீ ஆறிப்போகும் நேரத்தில் மறுபடியும் டெலிபோன். எடுத்ததுமே சத்தம்.

"என்னம்மா ஆளுகள அனுப்புன நீ? உங்க லாரி அந்தப் பாலத்து மேலயே ஏறிப் போகுது! நான் கடை வாசல்ல நின்னு கையக் காட்டுறேன், டிரைவரும் கையக் காட்டிட்டுப் போறான்!"

லாரி விழாமல் தப்பியது ஒரு பக்கம், அது ஏன் நிற்காமல் போனது என்பது இன்னொரு பக்கம்.

"அண்ணே, நம்பர எந்தப் பக்கம் நின்னு பாத்தீங்க?"

"ஓடைக்குள்ள எறங்குனவன் எந்தப் பக்கம் ஏறுவேன்? தோட்டத்துப் பக்கந்தான்."

விஷயம் இதுதான். முன்பெல்லாம் மரத்தில் ரோட்டுப் பக்கம் ஒன்று, தோட்டத்துப் பக்கம் ஒன்று என ஒரே நம்பரை இரண்டு தடவை எழுதுவோம். அந்த ஐப்பசிக்கு முந்தைய கோடையில் சூறைக்காற்றில் நிறைய மரங்கள் சாய்ந்தன. மிச்சம் இருந்தவற்றுக்குப் புது நம்பர் போடச் சொல்லி உத்தரவு வந்தது. ரோட்டுப் பக்கம் பார்த்து எழுதினால் போதும் என்றது அந்த உத்தரவு. எழுதியவர்களும் அந்தப் பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடித்துப் புதிதாக எழுதிவிட்டு, பின்பக்கத்துப் பழைய நம்பரை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரே நம்பர்தான், தோட்டத்தில் நிற்பவருக்கு ஒரு மரம், ரோட்டில் போகிறவருக்கு வேறு மரம். சவரிமுத்து அண்ணன் படித்தது பழைய நம்பர். குருசாமி தேடிப் போனது புது நம்பரை. அது வத்தலக்குண்டுப் பக்கம் இன்னும் வெகுதூரம் தள்ளி இருந்தது.

குருசாமியிடம் பேச வழியில்லை. கைபேசி எல்லாம் அப்போது எங்கள் ஆட்கள் கண்ணில் கண்டதில்லை. "வைக்காதீங்கண்ணே, லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் பொறியாளர் அறைக்கு ஓடினேன். அங்கே இன்னொரு டெலிபோன் உண்டு. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நேரம் பார்க்கிறவரைப் பிடித்து, திண்டுக்கல் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"அது அப்பவே கெளம்பிருச்சேம்மா. சந்த நாளு. நிக்கக்கூட எடமில்லாம ஏத்தி விட்டிருக்கேன். இந்நேரம் பாதித் தூரம் வந்திருக்குமே."

அந்த வண்டி முதலில் குருசாமி நிற்கும் இடத்தைத் தாண்டும். அங்கே ரோட்டில் ஒரு கீறல்கூட இருக்காது. அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு அவரே சொன்னார். கொடியைக் காட்டிப் பஸ்ஸை நிறுத்தினாராம், இறங்கி நன்றாகச் சுற்றிப் பார்த்தாராம், "ஒண்ணுமில்லீங்க, ரோடு நல்லாத்தான் இருக்குது, போங்க" என்று டிரைவருக்குத் தைரியம் வேறு சொல்லி அனுப்பினாராம்.

என் மேசைக்குத் திரும்பி ஓடிவந்து டெலிபோனை எடுத்தேன்.

"அண்ணே, பஸ் வருது. எங்க ஆளுக வந்து சேர மாட்டாக. நீங்களே மறிங்க."

"மறிக்கவா? எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன் தாயி. இன்னொரு தடவ ரோட்டுல உக்காந்தா உள்ளதான்னு சொல்லிருக்காக. ஒரு மரக்கெளைய வெட்டிப் போடட்டா?"

"அது இதவிடப் பெரிய கேஸுண்ணே, அரசாங்க மரம்."

"அப்ப யாரு மறிக்கச் சொன்னான்னு கேட்டா?"

நான் பொறியாளர் அறையைத் திரும்பிப் பார்த்தேன். காலி நாற்காலியின் முதுகில் ஒரு துண்டு தொங்கியது. அலுவலகத்தில் என்னைவிடச் சின்னப் பதவியில் இருந்தது அந்தச் சுவர்க்கடிகாரம் ஒன்றுதான்.

"டிபார்ட்மெண்ட் சொல்லுச்சுன்னு சொல்லுங்க."

"டிபார்ட்மெண்டுன்னா யாரு?"

"நான்தான்ணே. மறிங்க."

அவர் டெலிபோனை வைக்கவில்லை, அப்படியே தொங்கவிட்டுப் போய்விட்டார். அதனால் எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. கண்ணால் பார்த்திருந்தால்கூட அப்படிப் பயந்திருக்க மாட்டேன். டீக்கடைக்காரர், "ஏலே, பெஞ்சத் தூக்காத, ஒடஞ்சிரும்ல" என்று கத்துவது கேட்டது. மரம் தரையில் இழுபடும் சத்தம். பிறகு வெறும் மழை. நான் தெரிந்த செபம், தெரியாத செபம் எல்லாம் சொன்னேன். தூரத்தில் ஹாரன். விட்டு விட்டு அடித்தது. நிற்காமல் ஒரே இழுப்பாக அடித்தது. பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டபோது டெலிபோனைக் காதோடு அழுத்தியதில் காது வலித்தது.

பிறகு ஏச்சு. அந்த டிரைவர் பேசியதை இங்கே எழுத முடியாது. அதற்கெல்லாம் நடுவில் சவரிமுத்து அண்ணனின் குரல், அதே பிடிவாதத்தோடு, "டிபார்ட்மெண்ட் சொல்லிருக்கு. நீ வேணா எறங்கிப் பாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னது. யாரோ இறங்கினார்கள். அது கண்டக்டர் என்று பிறகு தெரிந்தது. "குனிஞ்சு பாருய்யா, ஓரத்துல நிக்காத" என்றது குரல்.

அதற்குப் பிறகு கேட்ட சத்தத்தை எப்படிச் சொல்ல? இடி மாதிரியெல்லாம் இல்லை. நெல் மூட்டையை மேலேயிருந்து போட்டதுபோல் தொப்பென்று ஒன்று. தொடர்ந்து இன்னொன்று. பிறகு ஒரு பெண் "மாரியாத்தா" என்று கத்தினாள், அவளோடு சேர்ந்து ஒரு பஸ்ஸே கத்தியது. நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

யாரோ டெலிபோனை எடுத்தார்கள். மூச்சு வாங்குவது கேட்டது.

"தாயி, இருக்கியா? பாலம் போயிருச்சு. எல்லாரும் எறங்கி நிக்கிறாக. ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. இந்த டிரைவரு என்னக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கிறான்."

பொறியாளர் நனைந்துகொண்டு வந்து சேரும்போது போலீஸிலிருந்து அழைப்பு. சவரிமுத்து மறுபடியும் மறித்திருக்கிறார், கேட்டால் உங்கள் டிபார்ட்மெண்ட் சொன்னதாகச் சொல்கிறார், உண்மையா என்று கேட்டார்கள். பொறியாளர் டெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"யாரு சொன்னது?"

"நான்தான் சார்."

மேலும் கீழும் பார்த்தார். சரி, வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன். அவர் கையை எடுத்துவிட்டு, "ஆமாங்க, எங்க ஆபீஸ்லதான் மறிக்கச் சொன்னோம்" என்றார். டெலிபோனை வைத்தவர் என்னைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு, "அந்தப் பின்பக்கத்து நம்பரையெல்லாம் அழிக்கச் சொல்லு" என்றார். குருசாமி ஆட்களோடு மறுநாளே அழிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு மரத்தின் பின்னாலும் போய் அவரே நின்று பார்த்தார் பாவம்.

அதற்குப் பிறகும் சவரிமுத்து அண்ணன் வாரா வாரம் கூப்பிட்டார். எடுத்ததும் "டிபார்ட்மெண்ட் இருக்கா?" என்பார். வேறு யாராவது எடுத்தால் வைத்துவிடுவார். அலுவலகத்தில் எனக்கு அதுவே பெயராகிப்போனது. ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலை போட்டவர்கள்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் சிரித்தார்கள்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்த ரோட்டில் போனேன். அகலமாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு புளியமரம் இல்லை, டீக்கடை இல்லை, பாலம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கார் ஓட்டிய மகனிடம் நிறுத்தச் சொல்ல எனக்கு ஒரு நம்பர்கூட இல்லை. சவரிமுத்து அண்ணன் காலமாகியும் வருஷங்கள் ஆகிவிட்டன.

இன்றைக்கு அந்தப் புகார்ச் செயலி "சேவையில் திருப்தியா?" என்று கேட்டு நட்சத்திரங்களை நீட்டியது. கைபேசியை உள்ளே வைத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தின் முன்னால் நடுரோட்டில் போட்டேன். மழை பிடித்துக்கொண்டது. குடையோடு வாசலில் நின்றேன். பைக்கில் வேகமாக வந்த ஒரு பையன் பிரேக் அடித்து நின்றான்.

"ஏன் ஆன்ட்டி, யாரக் கேட்டு நடுரோட்ல சேரப் போட்டீங்க?"

"டிபார்ட்மெண்ட்ல சொன்னாங்கப்பா" என்றேன்.

அவன் பள்ளத்தை எட்டிப் பார்த்தான். தலையாட்டிவிட்டு மெதுவாக ஓரமாகப் போனான். அப்படிச் சொல்ல டிபார்ட்மெண்டில் இப்போது ஒருவரும் இல்லை என்பது அவனுக்குத் தெரியாது.