ஏழாவது பங்கு

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் என் வீட்டுக் கேற் இறைச்சிக் கடையாகிவிடும். மாடறுத்துக் குர்பான் கொடுத்த வீட்டுக்காரர்கள், ஏழைகளுக்கென்று பிரித்த பங்கிலிருந்து ஒரு பையை என் கேற்றில் கொழுவிவிட்டுப் போவார்கள். போன வருஷம் பதினொரு பைகள். கூப்பிட்டுக் கையில் தருவதில்லை. நான் எழும்பி வரவேண்டுமே என்ற இரக்கம். எனக்கு எழும்பத்தான் முடியாது, உருண்டு வர நன்றாகவே முடியும். அவர்கள் இரக்கப்பட்டுப் போன பிறகு, காகத்தோடும் பூனையோடும் போட்டி போட்டு அந்தப் பைகளை எடுப்பது என் வேலை.

நான் ஏழையில்லை. கற்பிட்டியில் கருவாட்டு யாவாரம் செய்கிறேன். மீன் காயவைக்கும் வாடிகளில் கட்டாவும் பாரையும் எடுத்துத் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் லொறியில் அனுப்புகிறேன். உப்புக் குறைந்த கருவாட்டை மூக்கால் கண்டுபிடிப்பேன், ஏமாற்றுகிற யாவாரியைத் தொலைபேசியில் இரண்டாவது வார்த்தையில் கண்டுபிடிப்பேன். ஆனால் பள்ளிவாசலின் உதவி லிஸ்டில் நான் 'நோயாளிகள்' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறேன். பதினாறு வருஷத்துக்கு முன் பாலாவிப் பக்கம் ஒரு முச்சக்கர வண்டி கவிழ்ந்து என் முள்ளந்தண்டு உடைந்தபோது ஏற்றிய பெயர். அந்த லிஸ்டில் ஏறுவது லேசு. இறங்குவதென்றால் உயிர் போய் மௌத்தாக வேண்டும்.

இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சி இல்லை. கேட்கிறவர்கள் எல்லோரும் காலைப் பற்றித்தான் கேட்பார்கள். கால் பாவம், அது தன்பாட்டில் கிடக்கிறது. நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நானே குழாய் போட்டு மூத்திரம் எடுக்க வேண்டும், அதுதான் தொல்லை. மணி பிந்தினால் காய்ச்சல். நேரத்துக்கு எடுத்தால் ஒரு குறையுமில்லை. தனியாகத்தான் இருக்கிறேன். வீட்டை என் உயரத்துக்குக் கட்டுவித்தேன். அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சுவிட்ச், சட்டிபானை எல்லாம் என் கைக்கு எட்டும் இடத்தில். என் குசினியில் தேத்தண்ணி ஊற்ற வருகிறவர்களுக்கு குனிந்து குனிந்து ஐந்து நிமிஷத்தில் இடுப்பில் நாரி பிடித்துவிடும். வெளியே போவதற்குக் கையால் சுற்றும் மூன்று சில்லு வண்டி இருக்கிறது. மணலில் சில்லு புதைந்தால் பழைய வலைத் துண்டை மடித்து முன்னால் போட்டு ஏறிப் போய்விடுவேன்.

இந்த வருஷம் நானும் குர்பான் கொடுப்பதென்று முடிவெடுத்தேன். எங்களில் ஒரு மாட்டை ஏழு பேர் சேர்ந்து கொடுக்கலாம். என் தெருவில் வருஷா வருஷம் ஆள் சேர்த்து மாடு வாங்குகிறவர் ஒரு ஹாஜியார். தென்னந்தோட்டமும் நல்ல மனசும் உள்ளவர். என்ன, மனசு வேலை செய்ய மூளையின் அனுமதியைக் கேட்பதில்லை. நான் கேட்டதும் சிரித்தார், பிறகு கண்கலங்கினார், பிறகு என் கூடப்பிறந்த மூத்தவர், காக்காவோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். எனக்கு நாற்பத்துமூன்று வயது. அவருக்குக் காசை எண்ணிக் கொடுக்கக் கூடியவள் நான். கதைப்பதற்குக் காக்கா வேண்டுமாம்.

குர்பான் நிய்யத்து வைத்தவர்கள் பிறை கண்ட நாளிலிருந்து நகமும் முடியும் வெட்டுவதில்லை. பதில் வரும் முன்பே நான் நகவெட்டியை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். குழாய் போடுகிறவளுக்கு நகம் நீளமாக இருப்பது நல்லதில்லை. ஒவ்வொரு முறையும் கையுறை போட்டு, முகம் கோணி, அல்லாஹ்விடம் கொஞ்சம் முறைப்பாடும் செய்துதான் வேலையை முடித்தேன். அவ்வளவு ஆசை எனக்கு. கொடுக்கிற ஏழு பேரில் ஒருத்தியாக என் பெயரும் ஒரு தடவை வாசிக்கப்பட வேண்டும் என்ற ஆசை. அதை ஒளித்து எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் காக்கா வந்தார். என் குசினிக் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்துகொண்டு, எனக்கு இதெல்லாம் கடமையில்லை என்று தொடங்கினார். அந்தக் காசைத் தன்னிடம் தந்தால் தன் பெயரில் கொடுத்து, நன்மையில் எனக்கும் சேரும்படி துஆச் செய்வதாகச் சொன்னார். குடல் கூழுக்கு அழுகுதாம், கொண்டை பூவுக்கு அழுகுதாம் என்று ஒரு பழமொழியும் போட்டார். என் குடல் அப்போது அவர் கொண்டுவந்த ரோல்ஸைத் தின்றுகொண்டிருந்தது. நான் அசையவில்லை என்று கண்டதும் உள்ளே வைத்திருந்ததை எடுத்தார்.

"தங்கச்சி, கோபிக்காதீங்க. ஜும்ஆவுல பள்ளி ஹஸ்ரத் சொன்ன. குர்பானுக்கு நொண்டி கூடாதாம். கை கால் குறையில்லாம ஈக்கோணுமாம்."

"காக்கா, அது மாட்டுக்கு."

ஹாஜியாரும் அப்படித்தான் விளங்கியதாகக் காக்கா மெல்லச் சொன்னார். குத்பாப் பிரசங்கத்தில் பாதியில் தூங்குகிற இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்து என்னை மாட்டோடு சேர்த்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் போனபின் அழுகையும் வந்தது. காக்கா கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரியில் மூன்று மாசம் என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தவர். அப்படிப்பட்டவருக்கே என்னைப் பார்க்கும்போது முதலில் காலும் பிறகுதான் தங்கச்சியும் தெரிகிறதே என்றுதான் அழுதேன்.

அவர்கள் ஹஸ்ரத்திடம் போய்க் கேட்டார்கள். ஹஸ்ரத் சிரித்துச் சிரித்துத் தொப்பியைச் சரிசெய்தாராம். பெண்ணும் கொடுக்கலாம், எழும்ப முடியாதவளும் கொடுக்கலாம், அறுக்க இன்னொருவரைப் பொறுப்பாக்கினால் போதும் என்றாராம். இதற்குப் பிறகு மறுக்க வழியில்லாத ஹாஜியார் இன்னொரு வழி பிடித்தார். கட்டாரில் இருக்கிற தன் மருமகன் ஒருவேளை பங்கு கேட்பான், கேட்காவிட்டால் ஏழாவது இடம் எனக்கு. எப்படியும் இறைச்சி என் வீட்டுக்கு வரத்தானே போகிறது என்று ஆறுதலும் சொல்லியனுப்பினார். அந்த ஆறுதல்தான் என்னை அவருடைய தோட்டத்துக்குக் கொண்டுபோனது.

பெருநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது மாடு வந்தது. பங்குகாரர் ஆறு பேரும் தென்னைக்குக் கீழே கட்டிய மாட்டைச் சுற்றி நின்றார்கள். வலைத்துண்டைப் போட்டுப் போட்டு நானும் போய்ச் சேர்ந்தேன். ஒரு பொம்பிளை மாடு பார்க்க வந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் தொண்டையைச் செருமினார்கள். பிறகு பார்க்கத் தொடங்கினார்கள். பல்லைப் பார்த்தார்கள், காது கிழிந்திருக்கிறதா என்று பார்த்தார்கள், கொம்பைத் தட்டினார்கள், கண்ணுக்கு முன் விரலை ஆட்டினார்கள். நிற்கிற மனிதன் மாட்டின் மேல்பாதியைத்தான் பார்ப்பான். என் வண்டியில் இருந்தால் என் கண் மாட்டின் வயிற்றுக்கு நேரே வரும். எனக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்தான். பின்னங்கால் இடது பக்கம், குளம்பின் நுனி மட்டும் மணலில் பட்டுக்கொண்டிருந்தது.

ஹாஜியார், இதைக் கொஞ்சம் தார் ரோட்டில் நடக்கவிட்டுப் பாருங்கள் என்றேன். ஒருவர், நடக்கிறதைப் பற்றி யார் சொல்வதென்று இல்லையா என்று பக்கத்தில் நின்றவரிடம் மெல்லச் சொன்னார். முள்ளந்தண்டு உடைந்தால் காது உடைவதில்லை. அதையும் அவருக்குச் சொன்னேன்.

மாட்டை ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். மணலில் எல்லாக் காலும் ஒரே மாதிரித்தான் புதையும், தாரில் அப்படியில்லை. நாலாவது எட்டில் இடுப்பு ஒரு பக்கம் விழுந்தது. லொறியில் வந்த அலுப்பு என்றான் மாட்டைக் கொண்டுவந்தவன். தண்ணீர் காட்டி, ஆறவிட்டு, இன்னொரு தரம் நடத்தினார்கள். அது இன்னும் மோசமாக இழுத்தது. அறுத்திருந்தால் ஏழு பேருடைய குர்பானும் குர்பானாக இருந்திருக்காது, வெறும் இறைச்சி. ஹாஜியார் தலையில் கைவைத்துக்கொண்டு தென்னங்குற்றியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததில் முதல்தடவையாக அவருடைய முகம் என் முகத்துக்கு நேரே வந்தது.

"நாங்க ஆறு பேரு நிண்டு பாத்தும் தெரியல்லயே, மகள்," என்றார்.

"நிண்டு பாத்ததாலதான் தெரியல்ல, ஹாஜியார்."

"மருமகன் அங்கயே குடுக்கட்டும்," என்றார். "ஏழாவது பேரு ஒங்கட."

அந்த மாட்டைத் திருப்பி லொறியில் ஏற்றினார்கள். பலகையில் ஏற முடியாமல் அது தடுமாறியபோது எனக்கு வெட்கமாக இருந்தது. காலைப் பார்த்துத் தள்ளிவைக்கிறவர்களைப் பதினாறு வருஷமாகத் திட்டியவள், நானும் காலைப் பார்த்துத்தான் ஒன்றைத் தள்ளியிருக்கிறேன். பிறகு நினைத்துப் பார்த்தேன். தள்ளப்பட்டதால் அது உயிரோடு போகிறது. மதுரங்குளிப் பக்கம் எங்கேயாவது புல் தின்றுகொண்டு கிடக்கும். அதற்கு என் மேல் கோபம் இருக்க நியாயமில்லை.

அடுத்த நாள் வேறு மாடு வந்தது. இந்த முறை பல்லைப் பார்க்கும் முன்பே என்னைக் கூப்பிட்டார்கள். பெருநாளன்று தொழுகைக்குப் பின், ஏழு பெயரும் தகப்பன் பெயரோடு வாசிக்கப்பட்டன. வேலிக்கு இந்தப் பக்கம் வண்டியில் இருந்து கேட்டேன். காக்கா என் பக்கம் பார்க்காமல் மூக்கை உறிஞ்சினார். சளி என்றார் பிறகு.

என் பங்கு இறைச்சியைக் குசினியில் நானே வெட்டினேன். காக்கா உதவிக்கு வந்தார், நாரி பிடித்துக்கொண்டு போனார். பையில் போட்டு வண்டியில் கொழுவிக்கொண்டு தெருவில் இறங்கினேன். முதல் இரண்டு வீட்டிலும் யார் தந்துவிட்டது என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். அல்லாஹ் ஒங்களுக்கு ஷிஃபா தரட்டும் என்றார்கள். நான் கொடுக்கப் போனாலும் எனக்குக் கிடைப்பது சுகம் கேட்கும் துஆதான்.

தெருக்கடைசியில் என்னைவிட மூத்த ஒரு ராத்தா இருக்கிறா. இடியப்பம் அவித்து நாலு பிள்ளைகளை ஆளாக்கியவ. அவவின் வாய்க்குப் பயந்து கடன்காரர்கூட அந்தப் பக்கம் போவதில்லை. கேற்றில் நின்று கூப்பிட்டேன்.

"யாருட குர்பான்?"

"என்ட, ராத்தா."

என்னைப் பார்த்தா, வண்டியைப் பார்த்தா. பிறகு பையை வாங்கி, அதன் வாயை விரித்து, கையை உள்ளே விட்டுத் துழாவினா. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதென்று அவவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"முழுக்க எலும்பு," என்றா. "நல்ல இறைச்சியெல்லாம் வீட்டுல வெச்சிட்டீங்க போல."

இந்தப் பதினாறு வருஷத்தில் ஒரு ஆள்கூட என்னிடம் குறை சொன்னதில்லை. நான் ஊத்திய தேத்தண்ணியில் சீனி மறந்தாலும் அருமை என்று குடித்துவிட்டுப் போவார்கள். எனக்குக் கண் நிறைந்தது. அதோடு நல்ல கோபமும் வந்தது, ஏனென்றால் அந்தப் பையில் தொடை இறைச்சிதான் அரைவாசிக்கு மேல், நான் என் கையால் பார்த்துப் பார்த்துப் போட்டது. பையைத் திருப்பித் தாங்க என்று கையை நீட்டினேன். தரமாட்டேன் என்று ராத்தா நெஞ்சோடு அணைத்துக்கொண்டா. தெருவே வந்து வேடிக்கை பார்க்க, மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொல்லும்வரைக்கும் இரண்டு பேரும் சண்டை பிடித்தோம்.