ஐந்து நிமிடம் போக

சூரியன் தினமும் கிளம்புவதற்கு முன் என் சித்தியிடம் வந்து நேரம் சரிபார்த்துக்கொண்டுதான் போகிறது. நிலா ஓரிரு முறை தாமதமாக வந்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. அன்றிலிருந்துதான் மாதத்தில் பாதி நாள் முகத்தை மறைத்துக்கொண்டு திரிகிறது. நம்பாதவர்கள் பேருந்து நிலையத்தில் மூன்றாவது தூணை ஒட்டி நிற்கும் தகரக் கூண்டுக்குக் காலை ஆறு மணிக்கு வந்து பார்க்கலாம். பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பாள். ஓட்டுநர் நீட்டுகிற தாளை வாங்கிக்கொண்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வழியில நீங்க தூங்கினீங்களாண்ணே, பஸ்ஸு தூங்குச்சா?" என்று கேட்பாள். பதில் வருவதற்குள் எழுதி முடித்திருப்பாள்.

சித்தி அங்கே டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதி, மணியடித்து அனுப்புகிற வேலை. ஓட்டுநர்கள் எல்லோருக்கும் அவள் 'டைம் அக்கா'. அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பயம்தான்.

அந்தக் கூண்டுக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. முதல் ஐந்து நிமிடத் தாமதம் தாமதத்தில் சேராது. எட்டு நிமிடம் பிந்தி வருகிற வண்டிக்குத் தாளில் மூன்று என்று விழும். பன்னிரண்டு நிமிடம் என்றால் ஏழு. ஓட்டுநருக்கும் தெரியும், நடத்துநருக்கும் தெரியும், தாளை வாங்கிப் பார்க்கும் மேலாளருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. "வண்டின்னா மூச்சு வாங்காதா? அஞ்சு நிமிஷம் அதோட மூச்சு. அதையுமா எழுதுவாங்க?" என்பாள் சித்தி. பதினோரு வருடமாக இப்படி எழுதி அவள் கை அதிலேயே படிந்துவிட்டது.

வீட்டிலும் அவள் டைம்கீப்பர்தான். முட்டையை வேகப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவாள். சரியான நேரத்தில் கால்கள் தாமாகவே அடுப்படிக்குத் திரும்பும். 'ஒரே நிமிஷம்' என்று வந்து உட்காரும் பக்கத்து வீட்டு அக்கா எழுந்து போகும்போது, "நாப்பத்திரண்டு" என்று சிரித்துக்கொண்டே வழியனுப்புவாள். நான் ஏதாவது காரணம் சொல்ல ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவாள். "உண்மைக்கு இவ்வளவு நேரம் ஆகாதுடி."

நான் அவளுடைய அக்கா மகள். அம்மா வெளியூரில் வேலை பார்ப்பதால் சித்தி வீட்டில் இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறைக்குப் பள்ளிக்கூடத்துக்கே அலுத்துவிட்டது. இப்போது பேருந்து நிலையத்தில் செல்போன் உறை விற்கும் கடையில் நிற்கிறேன். யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான். ஒரு நாள் சித்தி சாப்பிடப் போன நேரத்தில், ஒலிபெருக்கியில் அவள் குரலிலேயே, நிலாவுக்குச் செல்லும் பேருந்து ஏழாம் எண் நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக இருப்பதாக அறிவித்தேன். ஒரு பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, அது ஆஸ்பத்திரி வாசலில் நிற்குமா என்று கேட்டார். சித்தி என்னைத் திட்டவில்லை. அந்தப் பெரியவரைக் கைபிடித்துக் கூட்டிப்போய்ச் சரியான வண்டியில் ஏற்றிவிட்டு, அது கிளம்பும்வரை என்னை வெயிலில் நிற்க வைத்தாள். பத்தொன்பது நிமிடம்.

சித்திக்கு ஆறு வயதில் ஒரு மகன். உருண்டையாக இருப்பதால் பட்டாணி. சித்தப்பா லாரியோடு போய்விட்டு மாதத்துக்கு இரண்டு முறை வருவார். பட்டாணிக்கு நான்கு வயதிலிருந்து வலிப்பு வருகிறது. விளையாடிக்கொண்டே இருப்பான், பேச்சு நடுவில் அறுந்துவிடும். அப்படியே சரிந்து கை கால் வெட்ட ஆரம்பிக்கும். சித்தி கத்த மாட்டாள். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே ஏதாவது துணியைச் சுருட்டி வைத்து, சுவரோரம் கிடக்கும் சாமான்களைக் காலாலேயே தள்ளிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பாள். நின்றதும் எழுதுவாள். நான் முதல் நொடியிலேயே வெளியே ஓடிவிடுவேன். வாய் கிழியப் பேசுகிறவள் ரத்தத்தைப் பார்த்தால் சுருண்டுவிடுவாள் என்று சித்தப்பா என்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். ரத்தமே வராது என்பது வேறு விஷயம்.

எழுதுவதற்கு அவள் நோட்டு வாங்கவில்லை. கூண்டில் மிஞ்சிப்போன பழைய தாள்களையே தைத்து வைத்துக்கொண்டாள். அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு வருடத்தில் மூன்று டாக்டர்களைப் பார்த்துவிட்டாள். முதலில் தெருமுனை டாக்டர். பிறகு குழந்தைகள் கிளினிக். அப்புறம் ஒரு நரம்பு டாக்டர்; அவர் அறை வாசலில் நாங்கள் காத்திருந்தது மூன்று மணி நேரம், உள்ளே இருந்தது நான்கு நிமிடம். மூவரும் தாளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்கள். மூன்று, இரண்டு, நான்கு, மூன்று. வந்தால் தானாக நின்றுவிடுகிறது, பயப்பட ஒன்றுமில்லை, அதே மருந்தைத் தொடருங்கள் என்று ஒரே பாட்டைப் பாடினார்கள். வெளியே வரும்போது சித்தி, "இவங்க எல்லாரும் ஒரே டிப்போல வேலை கத்துக்கிட்டாங்க போல" என்றாள்.

ஆனால் ஒவ்வொரு முறை வலிப்பு வந்து போன பின்பும் பட்டாணி ஏதாவது ஒன்றைத் தொலைத்துவிட்டு எழுந்தான். ஒரு முறை சட்டைப் பொத்தான் போட மறந்துபோனது. இன்னொரு முறை என் பெயர் வரவில்லை. 'இவ' என்று கை நீட்டினான். அன்று சித்தி மூன்று வாளி துணி துவைத்தாள்.

அப்போதுதான் நாற்பத்தேழாம் எண் ஓட்டுநர் ஒரு செய்தி கொண்டுவந்தார். பெரிய ஆஸ்பத்திரியில், சீக்கிரம் நிற்காத வலிப்புக்கென்றே ஒரு டாக்டரம்மா இருக்கிறார்களாம். வியாழக்கிழமை மட்டும் பார்ப்பார்களாம். அவருடைய மச்சினன் மகளுக்கு அவர்கள்தான் வழி காட்டினார்களாம். சித்தி மறுநாளே விடுப்பு எடுத்துக்கொண்டு காகிதங்களோடு போனாள். சாயங்காலம் திரும்பி வந்து, காய்ந்த துணியை மடித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். முன் மேசையில் இருந்த பெண் தாளைப் பார்த்திருக்கிறாள். ஐந்து நிமிடத்தைத் தாண்டுகிற நோயாளிகளைத்தான் அந்த டாக்டர் பார்ப்பார், உங்கள் தாளில் எதுவும் ஐந்தைத் தாண்டவில்லையே என்று சொல்லி, பொதுப் பிரிவில் எட்டு மாதம் கழித்து ஒரு தேதி கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

"நம்மாளுக்கு அவ்வளவு மோசம் இல்லயாம்" என்றாள் சித்தி. நிம்மதி மாதிரியும் இருந்தது, நிறுத்தத்தில் கை காட்டியும் வண்டி நிற்காமல் போய்விட்டதைச் சொல்வது மாதிரியும் இருந்தது.

எனக்குக் கணக்கு இடித்தது. ஏனென்றால் நான் ஓடுவது சமையலறை ஜன்னல் வரைக்கும்தான். அங்கே வெளியே நின்று, கம்பி வழியாக அவனைப் பார்த்தபடி செல்போனில் நேரம் ஓட விடுவேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. என் செல்போனில் இருபத்திரண்டு கணக்குகள் இருந்தன. அன்று சித்தி குளிக்கப் போனதும் தாளை எடுத்து ஒப்பிட்டேன். எனக்கு எட்டு, அவளுக்கு மூன்று. எனக்கு ஒன்பது, அவளுக்கு நான்கு. பயத்தில் தப்பாக எழுதுகிறாள் என்று முதலில் நினைத்தேன். பயந்தவள் இருபத்திரண்டு முறையும் ஒரே அளவாகவா தப்பு செய்வாள்? தாளின் தலைப்பைப் பார்த்தேன். வண்டி எண், வந்த நேரம், தாமதம். அவள் 'தாமதம்' என்ற கட்டத்தில்தான் எழுதியிருந்தாள். மூச்சு வாங்க ஐந்து நிமிடம் விட்டுவிட்டு.

ஒளிக்க வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. தாளைக் கையில் வாங்குகிற எல்லோருக்கும் அது தெரியும் என்றுதான் நினைத்திருக்கிறாள்.

சொல்லிவிடலாம் என்று போனேன். கூடத்தில் பட்டாணியை மடியில் போட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு விரல் வெட்டி, ஊதி, அடுத்த விரல். இரண்டு வருடமும் மூன்று டாக்டர்களும் உன் ஐந்து நிமிடத்தில் போய்விட்டன என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? தண்ணீர் குடிக்க வந்தது போல நடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் கடையின் பின்பக்கம் போய் நின்று பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். குழந்தைகள் கிளினிக்கில் ஒரு நர்ஸ் உண்டு. எந்நேரமும் ஜலதோஷம் பிடித்தது போல மூக்கால் பேசுவார். அந்தக் குரலை எடுத்துக்கொண்டேன். பையனின் அம்மா கொண்டுவந்த தாளை விடுங்கள், நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். வலிப்பு ஏழிலிருந்து ஒன்பது நிமிடம். முதலில் இடது கட்டை விரல் உள்ளே மடங்கும். அப்புறம் முகம் இடது பக்கம் இழுக்கும். நாலாவது நிமிடத்தில் உதடு நீலமாகும். அப்புறம் இரண்டு மணி நேரம் தூக்கம், எழுந்ததும் சில வார்த்தைகள் வராது. அந்தப் பக்கத்தில் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. வியாழக்கிழமை காலை கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், நாங்களும் பேசுகிறோம் என்றார்கள்.

அவர்களே சித்தியையும் கூப்பிட்டுச் சொன்னார்கள். சித்திக்கு ஒன்றும் புரியவில்லை. கிளினிக்கிலிருந்து யாரோ நல்ல நர்ஸ் நமக்காகப் பேசியிருக்கிறாள், நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும் என்றாள். அந்த நர்ஸ் வேலையை விட்டுப் போய்விட்டார், கல்யாணமோ என்னவோ, வெளியூராம், கடைக்கு வந்த யாரோ சொன்னார்கள் என்றேன். சித்தி என்னைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள். "சரி" என்றாள்.

டாக்டரம்மா குள்ளமாக இருந்தார். மேசையில் காகிதங்களுக்கு நடுவே யாரோ குழந்தை விட்டுப்போன ஒற்றைச் செருப்பு இருந்தது. பட்டாணியிடம் பத்து நிமிடம் பேசினார். பொத்தான் போடச் சொன்னார். மூக்கைத் தொடச் சொன்னார். பிறகு தாளை விரித்தார்.

"இதுல மூணுன்னு இருக்கு. போன்ல ஏழு, எட்டு, ஒன்பதுன்னு சொன்னாங்க. எதும்மா சரி?"

"மூணுதாங்க. அஞ்சு போக" என்றாள் சித்தி.

"எந்த அஞ்சு?"

சித்தி விளக்க ஆரம்பித்தாள். வண்டி, மூச்சு, கட்டம் என்று இரண்டு வாக்கியம் போயிற்று. மூன்றாவது வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டாள். கை தானாக நீண்டு தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. மூன்று, இரண்டு, நான்கு என்று விரல் ஓடியது. பட்டாணி ஒற்றைச் செருப்பை மேசைமேல் ஓட்டிக்கொண்டிருந்தான். 

டாக்டரம்மா அவசரப்படவில்லை. இவ்வளவு துல்லியமாக யாரும் தன்னிடம் எழுதிக்கொண்டு வந்ததில்லை, ஐந்தைக் கூட்டிக்கொண்டால் போதும், எல்லாம் இதிலேயே இருக்கிறது என்றார். மருந்தை மாற்றினார். மூளையைப் படம் எடுக்க எழுதிக் கொடுத்தார். கன்னத்தின் உட்புறம் விட ஒரு அவசர மருந்து கொடுத்து, எப்படி விடுவது என்று ஒரு பொம்மையில் செய்து காட்டினார். "அஞ்சாவது நிமிஷம் தொட்டதும் இதை விடணும். அதுக்கு மேல காத்திருக்கக் கூடாதும்மா."

"ஆறாவது நிமிஷமே வராது" என்றாள் சித்தி.

முன்பே சரியாக எழுதியிருந்தால் பையன் எதையும் இழந்திருக்க மாட்டானா என்று அவள் கேட்டாள். தெரியாது, இனிமேல் இழப்பதைக் குறைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். பிறகு போனில் எழுதிய குறிப்பைப் பார்த்துவிட்டு, இடது கட்டை விரல் முதலில் மடங்குகிறது என்று உங்கள் நர்ஸ் சொன்னது பெரிய உதவி, வலிப்பு மூளையில் எந்தப் பக்கம் தொடங்குகிறது என்று தேட அது வழி காட்டும் என்றார். சித்தி தாளை மடித்துக்கொண்டே, "நல்ல நர்ஸு" என்றாள். நான் சுவரில் இருந்த மூளைப் படத்தை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் பேருந்தில் பட்டாணி சித்தியின் தோளில் தூங்கிவிட்டான். நான் பக்கத்தில். நாலு நிறுத்தம் தாண்டியது.

"கட்டை விரல் விஷயத்தை நான் எந்த டாக்டர்கிட்டயும் சொன்னதில்ல" என்றாள் சித்தி, முன் இருக்கையைப் பார்த்தபடி. "எனக்கே தெரியாது. நான் வாட்சைத்தான் பாத்துட்டிருப்பேன்."

நர்ஸ்களுக்கு அனுபவம் அதிகம், அவர்கள் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஆரம்பித்து, கிளினிக், கட்டில், திரைச்சீலை என்று நான் நீட்டிக்கொண்டே போனேன்.

"வாசல் ஜன்னலா," என்றாள் சித்தி, "சமையக்கட்டு ஜன்னலா?"

 வேறு யாருடைய குரலும் உதவிக்கு வரவில்லை.

"சமையக்கட்டு" என்றேன்.

 சித்தி தூங்குகிறவனை மெல்லத் தோளிலிருந்து பெயர்த்து என் மடியில் கிடத்தினாள். தொங்கிக்கொண்டிருந்த அவன் இடது கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.