வெறும் வயிறும் வெறும் டீயும்

என் டைரியில் ஆனி மாதத்து இரண்டாவது திங்கட்கிழமைக்கு நேரே இப்படி எழுதியிருக்கிறேன்: "மழை இல்லை. மச்சானை மெடிக்கலில் நிறுத்திவிட்டார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை அதிகம். எதிர்வீட்டு அம்மாவின் பிளாக்கில் இன்று பலாக்கொட்டை லட்டு. ஏகப்பட்ட பாராட்டு."

பிளாக் என்ற சொல்லை முதலில் விளக்கிவிட வேண்டும். எங்கள் டவுன்ஷிப்பில் பிளாக் என்றால் குவார்ட்டர்ஸ் இருக்கும் வட்டாரம். எண்ணைச் சொன்னால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். எதிர்வீட்டு அம்மா ஆரோக்கிய உணவைப் பற்றி இணையத்தில் ஒரு வலைப்பூ எழுதத் தொடங்கிய புதிதில் என் மனைவி தன் தம்பியிடம் சொன்னாள்: "எதிர்வூட்டு மேடம் பிளாக்ல எழுதறாங்கடா, ஒடம்பு எளைக்கறதப் பத்தி."

"எந்த பிளாக்லக்கா? செவுத்துலயா?"

அவள் சிரித்தாள். எனக்கு அவன் கேட்டதில் தப்பு தெரியவில்லை. சுவரில் எழுதியிருந்தால் மழையாவது அழித்திருக்கும்.

அந்த அம்மாவின் கணவர் சுரங்கத்தில் பொறியாளர். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பம். நான் நிறையப் படிக்கிறவன் என்று யாரோ சொல்லியிருந்ததால், வெளியிடுவதற்கு முன் ஒற்றுப் பிழை பார்க்கச் சொல்லி அந்த அம்மா கட்டுரைகளை எனக்கு அனுப்புவார். அப்படித்தான் வாசகர்கள் கீழே எழுதுவதையும் தொடர்ந்து படிக்கும் தண்டனை எனக்குக் கிடைத்தது.

ஒருவர் கேட்டிருந்தார், சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமா என்று. அந்த அம்மா "அளவாகச் சாப்பிடலாம்" என்று பதில் போட்டார். உடனே அடுத்த கேள்வி: "அளவாக என்றால் தினமும்தானே மேடம்?" பலாக்காய் மாவு சர்க்கரைக்காரர்களுக்கு ஏற்றது என்று ஒருமுறை எழுதினார். பண்ருட்டிப் பக்கத்து வாசகர் ஒருவர் விடவில்லை. காய் நல்லதென்றால் பழமும் அதே மரத்தில்தானே காய்க்கிறது என்று வாதாடினார். இன்னொருவருக்கு நடக்காமல் எடை குறைய வேண்டும். இன்னொருவருக்கு மாத்திரை விழுங்கவும் கூடாது, ஜாங்கிரியை விடவும் கூடாது.

நான் சுரங்கத்தின் டைம் ஆபீசில் வேலை பார்க்கிறவன். ஷிப்டுக்குத் தாமதமாக வருகிறவனின் முகம் எனக்கு மனப்பாடம். மணி என்ன என்று அவன் கேட்கவே மாட்டான். அது அவனுக்குத் தெரியும். அவனுக்கு வேண்டியது கேட்டைத் திறந்து உள்ளே விட ஓர் ஆள். இந்த வாசகர்களும் அதே கூட்டம்தான். எதைத் தின்னலாம் என்று தெரிந்துகொள்ள அவர்கள் வருவதில்லை. தின்ன முடிவு செய்துவிட்டதற்கு ஒரு கேட் பாஸ் வாங்க வருகிறார்கள்.

சித்திரையில் அந்த அம்மா அடுத்து என்ன எழுதலாம் என்று என்னிடம் கேட்டார். இந்த ஊரில் ஒரு பாதி சாப்பிடும்போது மறு பாதி தூங்குகிறது, நைட் ஷிப்ட் பார்க்கிறவன் எப்போது எதைச் சாப்பிட வேண்டும் என்று எழுதுங்கள் என்றேன். உண்மையிலேயே நன்றாக எழுதினார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு சாப்பிட்டுவிட்டுப் படுப்பது, எழுந்ததும் எதில் தொடங்குவது, ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில் முந்தைய இரவு கேன்டீனில் என்ன செய்யக் கூடாது, எல்லாம் அதில் இருந்தது. நான் ஓர் ஒற்று மட்டும் சேர்த்தேன்.

அதற்கு வந்தது ஒரே ஒரு பதில்: "சூப்பர் மேடம். ராகி பிஸ்கட் செய்முறை போடுங்க."

அந்த அம்மாவும் பாடம் கற்றுக்கொண்டார். "படிக்கறவங்களுக்குப் புடிச்சதைத்தானுங்க சார் போடணும்," என்றார். அப்புறம் ராகி பிஸ்கட் வந்தது, கருப்பட்டி கேக் வந்தது, கடைசியில் பலாக்கொட்டை லட்டும் வந்தது.

இனி மச்சான். என் மனைவியின் தம்பி காடாம்புலியூரில் இருந்துகொண்டு பைக்கில் வந்து போகிறவன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பகுதியில் கான்ட்ராக்ட் ஆள். அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் பெர்மனன்ட் ஆகிவிட்டார்கள். இந்த வருஷம்தான் பட்டியலில் அவன் பெயர் வந்தது. வயது வரம்பை ஒட்டி நிற்கிறான், இதை விட்டால் அடுத்த பட்டியல் அவனுக்கில்லை. மிச்சமிருந்தது மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான்.

அதற்காக அவன் பிளாக்கைப் பக்தியோடு படித்தான். தினமும் வெந்தயத் தண்ணீர் குடித்தான். முந்திரியில் நல்ல கொழுப்பு என்று படித்துவிட்டுக் கை நிறைய அள்ளித் தின்றான். முந்திரிக் காட்டுக்கு நடுவில் பிறந்தவனுக்கு முந்திரி தின்ன இணையத்தின் உத்தரவு தேவைப்பட்டது.

அந்தத் திங்கட்கிழமை நைட் ஷிப்ட் முடித்து நேரே பரிசோதனைக்குப் போனவன், அங்கிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"டெம்பரரி அன்ஃபிட்டாம் மாமா. ஒரு மாசம் கழிச்சி வரச் சொல்லிட்டாங்க. அப்பயும் ஏறியிருந்தா அடுத்த ஆளக் கூப்புடுவாங்களாம்."

"என்னத்தடா துன்ன?" என்றாள் அக்காக்காரி.

"ஒண்ணும் துன்னலக்கா. வெறும் வயித்தோடதான் போனேன். அந்த வெந்தயத் தண்ணியக்கூட குடிக்கல."

நான் கேட்டேன்: "ராத்திரி கேன்டீன்ல?"

"சாப்டல மாமா. வெறும் டீதான்."

"டீ மட்டுமா?"

"டீயும் பன்னும்."

"எப்போ?"

"ஷிப்ட் வுடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. தூக்கம் வந்துகினே இருந்துச்சி. ரெண்டு டீ. அதெல்லாம் சாப்பாடா மாமா?"

"சக்கரத் தண்ணிய ரெண்டு கிளாஸ் ஊத்திகினு போயி வெறும் வயிறாண்டா?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவன் பொய் சொல்லவில்லை. நம் ஆட்களுக்குச் சாப்பாடு என்றால் சோறு. இலையில் சோறு விழாதவரை யாரும் சாப்பிட்டதாகக் கணக்கில்லை. "சாப்டாச்சா?" என்று கேட்டால், "இன்னும் இல்ல, நாலு இட்லிதான்" என்கிற ஜனம். டிபன் ஒரு முன்னுரை. டீக்கு அந்த மரியாதையும் கிடையாது. "சாப்பிடாம வாங்க" என்று பரிசோதனைக்கூடத்தில் சொன்னார்கள். அவன் சொல் பிசகாமல் சாப்பிடாமல்தான் போயிருக்கிறான்.

போனில் அந்த நைட் ஷிப்ட் கட்டுரையை எடுத்துக் காட்டினேன். டீயும் பிஸ்கட்டும் உணவுதான், பரிசோதனைக்கு முன் தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்ற வரி அதில் இருந்தது.

"இத நீ படிக்கலையா?"

"தலைப்பு பார்த்தேன் மாமா. செய்முறை எதுவும் இல்ல. தள்ளிவுட்டுட்டேன்."

சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை, அதை வெளியே எடுத்துப் பார், ஏறியது டீயாலா நோயாலா என்று தெரிந்துவிடும் என்றேன். அவன் என்னை ஒரு விரோதியைப் போலப் பார்த்தான்.

"எதுக்கு மாமா? அதுல வேற எதனா வந்துட்டா?"

கேட் பாஸ் கேட்கிறவனின் முகம். இந்த முறை என் வீட்டுக்குள்ளேயே நின்றது.

ஒரு மாதம் கழித்து இரண்டாவது பரிசோதனைக்கு முந்தைய நாள் லீவு போட்டுவிட்டு எங்கள் வீட்டிலேயே படுத்தான். காலையில் அடுப்பைப் பற்றவைக்கக்கூட அக்கா விடவில்லை. டீ வாசனை வந்தாலே ஏறிவிடுமோ என்று அவளுக்குப் பயம். போய்வந்தான். தகுதியுள்ளவன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெர்மனன்ட்.

அன்று சாயங்காலமே பிளாக்கில் அவன் எழுதியதைப் படித்தேன். "அக்கா, உங்கள் வெந்தய தண்ணீரால் சர்க்கரை ஓடியே போய்விட்டது. பெர்மனன்ட் ஆகிவிட்டேன். கோடி நன்றி." அதன் கீழே ஒரு திருவிழா. எத்தனை ஸ்பூன் அண்ணா, முளைகட்டியதா, பொடியா, என் மாமியாருக்குக் கொடுக்கலாமா. நைட் ஷிப்ட் கட்டுரைக்கு வராத ஜனம் முழுக்க இங்கே வந்து நின்றது.

அந்த அம்மா அதைத் தனிக் கட்டுரையாக்கி, ஒற்று பார்க்க எனக்கு அனுப்பினார். நான் எதிர்வீட்டுக்குப் போனேன்.

"வெந்தயத்தால இல்லம்மா. இந்தத் தடவை டீ குடிக்காமப் போனான், அவ்வளவுதான்."

"தெரியுமுங்க சார். ஆனா 'டீ குடிக்காமப் போனார்'னு போட்டா யாருங்க படிப்பாங்க?"

அவர் தன் வாசகர்களைச் சரியாகவே எடை போட்டிருந்தார். நான் ஒற்று பார்த்துத் தர மறுத்தேன். "வெந்தய தண்ணீர்" வல்லினம் மிகாமலேயே வெளியானது. யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் பைக்கின் பின்னால் ஒரு பெரிய பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு வந்தான். கையில் எண்ணெய் தடவி அவனே அறுத்தான். எங்களுக்கு ஒரு தட்டு, அவனுக்கு ஒரு தட்டு. அவன் தட்டுதான் பெரியது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "வெறும் பழந்தான மாமா," என்றான். அக்கா இன்னும் நாலு சுளையை அவன் தட்டில் போட்டாள்.

மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையை அவன் இன்னும் எடுக்கவில்லை. போன வாரமும் கேட்டேன், ஷிப்ட் மாறட்டும் என்றான். ஆகவே முதல் முறை சர்க்கரை ஏறியிருந்தது கேன்டீன் டீயாலா, அல்லது அவனுக்கு உண்மையிலேயே சர்க்கரை நோய் இருக்கிறதா என்பது, இதை எழுதும் இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.