மீந்த சுண்ணாம்பு

ஞாயிறு பூசைக்கு அவர் வராமல் இருந்ததே இல்லை. மனைவியையும் இரண்டு பெண்களையும் ஒரே பைக்கில் ஏற்றிக்கொண்டு, தேய்த்த வெள்ளைச் சட்டையில் முதல் ஆளாக வந்து நிற்பார். சின்னவளின் ரிப்பன் அவிழ்ந்தால் அவரேதான் கட்டிவிடுவார்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, மாமல்லபுரம் சாலையோரம் இருக்கும் எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வாளியோடு வந்துவிடுவார். சர்ச்சில் கொடுக்கும் சுண்ணாம்பை எல்லாக் கல்லறைகளுக்கும் அடிப்பார். என் அம்மாவுடையதற்கும் அவர்தான்.

"உங்க அப்பாவோடது எதுண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

பிரஷ்ஷால் மதிலுக்கு வெளியே காட்டினார். அவர் தெருக்காரர்களை அங்கேதான் புதைப்பார்கள். சாதியெல்லாம் இல்லை, உள்ளே இடமில்லை என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

"அதோ, முள்ளு கீதே, அங்க. சுண்ணாம்பு மீந்தா அடிப்பேன்."

"மீந்துச்சா?"

"எங்க மீந்துது? உள்ள ஆளு சேந்துகினே கீறாங்களே" என்று சிரித்தார்.

போன கோடையில் மாரடைப்பில் போய்விட்டார். இந்தச் சர்ச்சுக்கே அவர் தூண் என்று பிரசங்கத்தில் ஃபாதர் சொன்னார். பெட்டியை மதிலுக்கு வெளியேதான் இறக்கினோம்.

இந்தத் திருநாளுக்கு உள்ளே ஒரு கல்லறையும் வெளுக்கவில்லை. வெளியே அவர் மனைவி, தானே வாங்கிவந்த சுண்ணாம்பை, கணவருக்கும் மாமனாருக்கும் அடித்துக்கொண்டிருந்தார். மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து ஒருவர் கத்தினார்: "யம்மா, மீந்தா இங்கயும் கொஞ்சம் அடிச்சுட்டுப் போ!"

அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் இருந்திருந்தால் வந்து அடித்திருப்பார். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.